இடது பலகை

ஜனவரி 7, செவ்வாய்

புது ஸ்கீப் பலகை, ஒரு சோடி, வந்துவிட்டது. கூடவே மழையும் வந்துவிட்டது. ஜனவரி மாதத்தில், இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில், சுவிட்சர்லாந்தில் மழை. பத்து மாதம் காத்திருந்தவளுக்கு நல்ல வரவேற்பு.

இந்தக் குறிப்பைத் தமிழில் எழுதுகிறேன். போன வருடம் வரை ஜெர்மன் மொழியில்தான் எழுதினேன். ரேத்தோ தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து வாசிப்பான். பலகையை வடிவமைக்கிறவன் அவன், அதில் ஏறிச் சறுக்கிப் பார்த்துக் குறை நிறை சொல்கிறவள் நான். நான் என்ன எழுதுகிறேன் என்று தெரியாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. இனி எட்டிப் பார்க்கட்டும். ஜிலேபி பிழிந்து வைத்திருக்கிறாள் என்று நினைக்கட்டும்.

பலகையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது அதன் அகலம். காலுக்குக் கீழே நூற்றுப் பதினாறு மில்லிமீட்டர். இங்கே குடும்பமாக வந்து சறுக்குகிறவர்களின் ஸ்கீ எண்பதைத் தாண்டாது. முன்னும் பின்னும் வள்ளம் மாதிரி மேலே எழும்பி நிற்கிறது. ஆழமான புதுப்பனியில் மிதக்கவும், துள்ளவும், நினைத்த பக்கம் சுழன்று விளையாடவும் என்று ரேத்தோ மூன்று வருடமாக மினக்கெட்டுச் செய்தது. படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். பேர்னிலிருந்து உடனே பதில் வந்தது: "என்ன பிள்ளை, அரிசி புடைக்கிற சுளகு மாதிரிக் கிடக்கு." இனி இதற்குப் பெயர் சுளகு.

தொழிற்சாலை முதலாளியம்மா ஃபிராவ் கெர்பர் கூப்பிட்டுப் பேசினா. பெப்ரவரி இருபதாம் திகதி கூட்டம். அதற்குள் நான்கு விதமான பனியில் சுளகைச் சோதித்து அறிக்கை கொடுக்க வேண்டும். அதை வைத்துத்தான் பலகை உற்பத்திக்குப் போகிறதா, குப்பைக்குப் போகிறதா என்று முடிவு. என்னுடைய வேலை ஒப்பந்தத்தையும் அன்றைக்கே கதைப்போம் என்றா. பிறகு முழங்கால் எப்படி என்று கேட்டா. நல்லாயிருக்கு என்றேன். நல்லாய்த்தான் இருக்கிறது. போன மார்ச்சில் இடது முழங்காலில் சத்திரசிகிச்சை, டிசம்பரில் வைத்தியர் கையெழுத்துப் போட்டுவிட்டார். முடிந்த கதை.

பதினொரு வருடமாக இந்த வேலை. மலை உச்சியில் இருக்கும் உணவகத்தில் அப்பா கோப்பை கழுவிய காலத்தில், வேலைக்காரரின் பிள்ளைகளுக்கு மலையில் ஏற்றிவிடும் லிஃப்ட் இலவசம் என்பதால் சறுக்கக் கற்றுக்கொண்டவள் நான். ஸ்கீயில் போய் விளையாடுவதற்கும் சம்பளம் தருவார்களோ என்று கோயிலில் கேட்காத ஆள் இல்லை. தருகிறார்கள். இது போனால் எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. அதனால் இது போகாது.

ஜனவரி 8, புதன்

மழை. மெழுகு அறையில் இருந்து பலகையின் அடிக்கு மெழுகு தேய்த்தேன். ரேத்தோ இரண்டு தடவை இந்தக் குறிப்புக் கொப்பியை எட்டிப் பார்த்தான், ஒன்றும் விளங்கவில்லை. இன்றைய ஒரே சந்தோஷம்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். நேற்று முழுக்கக் கொட்டி நாற்பத்தைந்து சென்டிமீட்டர் புதுப்பனி. இரண்டும் ஒரே நாளில் வரவேண்டுமா?

என் மனுசன் பகீரதன் இந்தப் பள்ளத்தாக்கில் தபால் பஸ் ஓட்டுகிறவர். இன்றைக்கென்று லீவு எடுத்து, பல்கனியில் பனியை வழித்துத் தள்ளிவிட்டுப் பானை வைத்தார். பால் இன்னும் பொங்கவில்லை. முதல் லிஃப்ட் எட்டுப் பத்துக்கு. நான் காலணியை மாட்டிக்கொண்டு நிற்கும்போது அம்மா தொலைபேசியில் வந்தா. "பொங்கல் நாளிலையும் சறுக்கப் போறியோ? சூரியனைக் கும்பிட்டுட்டுப் போனால் என்ன குறைஞ்சு போவாய்?" சூரியனைக் காணவில்லை, கண்டதும் கும்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

சுளகு, நான் என்ன சொல்ல, அருமை. சொல்லவே எரிச்சலாக இருக்கிறது. முழங்கால் அளவு பனியில் முன்முனை மேலேயே நின்றது. வேகம் குறைந்தாலும் தாழவில்லை. மரங்களுக்கு நடுவே இடுப்பை ஆட்டினால் போதும், சுழன்று வந்தது. சின்னப் பனித் திட்டு ஒன்றைக் கண்டாலும் துள்ளித் தூக்கி வைத்தது. பின்முனையும் எழும்பியிருப்பதால் பின்பக்கமாகவும் சறுக்கிப் பார்த்தேன், அதுவும் சரி. பிழை பிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். மூன்றரை மணித்தியாலம் தேடினேன், அகப்படவில்லை. பத்துக்கு ஒன்பதரை போட்டேன். அரைப் புள்ளியை என் மானத்துக்காக வைத்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து, ஆறிப்போன பொங்கலைப் பானையோடு வைத்துச் சாப்பிட்டேன். முழங்காலில் ஐஸ் பை. வீக்கம் எல்லாம் இல்லை, பழக்கதோஷம்.

ஜனவரி 16, வியாழன்

அதே பனிதான், ஆனால் இரண்டு நாளாக ஊர்ச்சனம் முழுக்க ஏறி உழுதுவிட்டது. கட்டியும் குழியுமாகக் கிடக்கிறது. உண்மையான சோதனை இதில்தான். அகலப் பலகையைக் கட்டிகள் அங்கும் இங்கும் தள்ளும். தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

தாங்கவில்லை. அதிலும் ஒரு விசித்திரம்: இடது பலகைதான் தாங்கவில்லை. வலப்பக்கம் திரும்பும்போது உடம்புப் பாரம் இடது பலகையில் வரும். அந்த நேரம் பார்த்து அது உதறிக்கொண்டு வெளியே போகிறது. இடப்பக்கம் திரும்பினால் ஒரு குறையும் இல்லை. பத்துக்கு ஐந்து. போன செவ்வாய்க்கிழமை இதையா புகழ்ந்தேன் என்று வெட்கமாக இருக்கிறது.

ஜனவரி 17, வெள்ளி

உடுப்புக் கூடையை நிலக்கீழ் அறைக்கு இறக்கித் தரும்படி பகீரதனிடம் சொன்னேன். நான்கு மாடி. அவருக்கும் உடற்பயிற்சி வேண்டும்தானே.

ஜனவரி 20, திங்கள்

இரவு மெஷின் ஓட்டி உருட்டிச் சமப்படுத்திய பாதை, காலையில் குளிரில் இறுகிச் சீமெந்துத் தரையாகக் கிடந்தது. புதுப்பனிக்கென்று செய்த பலகையை இதில் ஏற்றுவது அநியாயம்தான். ஆனால் விலை கொடுத்து வாங்குகிறவன் லிஃப்டுக்குத் திரும்பி வர இந்தப் பாதையால்தான் வரவேண்டும்.

வலப்பக்கத் திருப்பம் ஒவ்வொன்றிலும் இடது விளிம்பு பிடியை விட்டது. நடுங்குகிறது, பிறகு வழுக்குகிறது. முதலாவது ஓட்டத்தில் நான் வேகம் குறைத்தேன். இரண்டாவதில் திருப்பங்களைப் பெரிதாக்கினேன். மூன்றாவதில் வலப்பக்கம் திரும்புவதையே முடிந்தவரை தவிர்த்துக்கொண்டு வந்தேன். ஒரு பலகை ஆளை இப்படிப் பயப்படுத்தக் கூடாது. பத்துக்கு நான்கு.

மாலையில் மாடிப்படியில் இறங்கும்போது பக்கத்து வீட்டு மனுசி, ஏன் நண்டு மாதிரி இறங்குகிறாய் என்று கேட்டா. பக்கவாட்டாக இறங்குவது வசதி. அவவுக்கு என்ன?

ஜனவரி 23, வியாழன்

ரேத்தோ இடது பலகையைக் கழற்றிக் கொண்டுபோய் மேசையில் வைத்து அளந்தான். பாரம் தொங்கவிட்டு வளைவு பார்த்தான், விளிம்பின் கோணம் பார்த்தான், அடி தட்டையா என்று ஒளி பிடித்துப் பார்த்தான். இடதும் வலதும் ஒன்றுக்கொன்று அச்சு அசல் என்றான். மேசைக்குக் கால் இருக்கிறதே தவிர அது சறுக்காது என்று சொன்னேன். சிரிக்கவில்லை. அவனுக்கு என் பகிடி பிடிக்கும், இன்றைக்குப் பிடிக்கவில்லை.

குசினியில் புளி முடிந்துவிட்டது. சூரிச்சுக்குப் போனால்தான் வாங்கலாம்.

ஜனவரி 28, செவ்வாய்

காலையில் நல்ல கோபம் வந்தது, இன்னும் போகவில்லை.

ரேத்தோ அறிக்கைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வந்து, கடைசிக் கட்டம் ஏன் எல்லா நாளும் வெறுமையாக இருக்கிறது என்று கேட்டான். அந்தக் கட்டத்தில் இருக்கிற கேள்வி: மாற்றிப் போட்டுப் பார்த்தாயா?

இந்தத் தொழிலில் இல்லாத ஒருவருக்கு இது விளங்காது. ஸ்கீ பிறக்கும்போது அதற்கு இடது வலது கிடையாது. இரண்டும் ஒன்றுதான். நாங்கள்தான் ஒன்றில் சிவப்பு நாடா ஒட்டி, இது இடது என்கிறோம். ஒரு பக்கத்தில் ஏதாவது பிழை தெரிந்தால் செய்ய வேண்டிய முதல் வேலை, கழற்றிக் கால் மாற்றிப் போட்டு அதே பாதையில் திரும்ப வருவது. பிழை பலகையோடு சேர்ந்து மற்றக் காலுக்குப் போனால் பலகையில் கோளாறு. போகாமல் அதே பக்கத்தில் நின்றால் காலில் கோளாறு. அரை நிமிட வேலை.

நேரம் போதவில்லை என்றேன். இருபதாம் திகதி பத்து ஓட்டம் ஓடியிருக்கிறாயே என்றான். மூடுபனி என்றேன். சரி, நாளைக்கு மாற்றிப் பார் என்றான். பதினொரு வருடம் வேலை செய்தவளுக்கு நீ பாடம் எடுக்காதே என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். மெழுகு அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நாளைக்கு உண்மையிலேயே மூடுபனி என்று சொல்கிறார்கள்.

ஜனவரி 29, புதன்

மூடுபனி இல்லை. ஆனால் விளிம்புகளைத் தீட்டும் வேலை இருந்தது. நாள் முழுக்கத் தீட்டினேன்.

பெப்ரவரி 4, செவ்வாய்

காற்றடித்து மேலே ஓடு கட்டிய பனி. எந்தப் பலகைக்கும் பிடிக்காத பனி இது. மேலே நிற்கும், நிற்கும், பிறகு பொறிந்து உள்ளே இழுக்கும்.

நான்காவது திருப்பத்தில் இடது பலகை ஓட்டுக்குள் போய் மாட்டியது. நான் வெளியே. நன்றாக உருண்டேன். எழும்பி உட்கார்ந்து கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தேன். காட்சி வடிவாக இருந்ததால் இருந்தேன். பிறகு மெல்லமாக இறங்கி வந்தேன்.

பத்துக்கு இரண்டு. குறிப்பில், "இடது பக்கம் நம்பத்தகாதது, பலகையைப் பாவிப்பவருக்கு ஆபத்து" என்று எழுதினேன். எழுதிய பின் திரும்ப ஒரு தடவை வாசித்தேன். எழுதியது எழுதியதுதான்.

நான்கு மணிக்கு ஃபிராவ் கெர்பர் என்னையும் ரேத்தோவையும் கூப்பிட்டா. ஆபத்து என்ற சொல் அறிக்கையில் இருந்தால் இருபதாம் திகதி பலகையை நிறுத்துவதைத் தவிர தனக்கு வழியில்லை என்றா. ரேத்தோவின் முகம் வெளுத்துவிட்டது. ஒரு கிழமை தாருங்கள், முதலிலிருந்து வேறு ஒரு சோடி செய்கிறேன் என்றான். அச்சில் ஏதோ பிழை விட்டிருப்பேன், என் கைதான் தவறியிருக்கும் என்றான். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெப்ரவரி 7, வெள்ளி

நோவுக்குப் போடும் மாத்திரை முடிந்துவிட்டது. தலையிடிக்குத்தான். பள்ளத்தாக்குக் கடையில் வாங்கினேன்.

பெப்ரவரி 10, திங்கள்

ரேத்தோ சனி, ஞாயிறு வீட்டுக்குப் போகவில்லை போல. புதுச் சோடி இன்றைக்குக் காலையில் என் கையில். ஒவ்வொரு மரத் தகட்டையும் தானே தெரிவு செய்து, தானே ஒட்டி, அச்சில் இருந்து எடுக்கும் வரை வேறு யாரையும் தொட விடவில்லையாம். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

இறுகிய பாதை. ஐந்து ஓட்டம்.

இடது பலகை பிடியை விடுகிறது.

கீழே நின்றுகொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்தான். அப்படியானால் வடிவமைப்பிலேயே கோளாறு இருக்க வேண்டும் என்று சொன்னேன். ஒரே வடிவமைப்புத்தானே வலது பலகைக்கும் என்று அவன் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் பட்டறைக்குள் போய்விட்டான். கேட்டிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம்.

பெப்ரவரி 12, புதன்

வீட்டில் சண்டை.

நான் வேலைக்குப் போவது பகீரதனின் பஸ்ஸில். லிஃப்ட் அடியில் இறங்கும்போது கண்ணாடியில் என்னைப் பார்க்கிறாராம். மூன்று கிழமையாகப் பார்க்கிறாராம். மனுசிமாரைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்து ஓட்டுங்கோ என்றேன். அவர் புட்டுக்குத் தேங்காய்ப்பூ போட்டுக்கொண்டே சொன்னார்.

"நீர் ஒவ்வொரு நாளும் கம்பியைப் பிடிச்சு வலது காலைத்தான் முதல்ல கீழ வைக்கிறீர். இடது கால் மடியுதில்லை. உமக்கு நோகுது, நிரோ."

"நோகேல்லை. டொக்டர் சரியெண்டு எழுதித் தந்தவர். பலகைதான் பிழை, எத்தினை தரம் சொல்லுறது?"

"நான் பலகையைப் பற்றிக் கேக்கேல்லையப்பா. உம்மட காலைப் பற்றிக் கேட்டனான்."

பஸ் ஓட்டுகிறவருக்கு ஸ்கீயைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டேன். அது சொல்லியிருக்கக் கூடாத சொல். அவர் என் சாப்பாட்டுக் கோப்பையில் சம்பல் வைத்தார், தன் கோப்பையை எடுத்துக்கொண்டு மற்ற அறைக்குப் போனார். புட்டை மூடி வைத்தேன். கோபம் அவர் மேலா, யார் மேல் என்று தெரியவில்லை. ஆனால் நிறைய இருக்கிறது.

பெப்ரவரி 14, வெள்ளி

மாற்றிப் போட்டேன்.

பெப்ரவரி 15, சனி

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

முதல் லிஃப்டில் யாரும் இல்லாத நேரம் மேலே போனேன். இரண்டு சோடியையும் கொண்டுபோனேன், பழையதும் புதியதும். இறுகிய பாதை, தெளிந்த வானம், சாட்டுச் சொல்ல ஒன்றும் இல்லை. முதலில் வழக்கம் போல ஒரு ஓட்டம். இடது பக்கம் நடுங்கியது. பாதி வழியில் நின்று காலைப் பலகையோடு பூட்டும் கொளுவியைத் தட்டிக் கழற்றி, சிவப்பு நாடா ஒட்டிய பலகையை வலது காலுக்குக் கொண்டுவந்தேன். அரை நிமிட வேலை என்று எழுதியிருக்கிறேன் அல்லவா. எனக்கு இருபது நிமிடம் போனது. ஒரு காலில் போட்டுவிட்டு மற்றதைப் போடாமல் நின்றேன். கீழே இருந்து ஆட்கள் வரத் தொடங்கிய பிறகுதான் போட்டேன்.

சிவப்பு நாடாப் பலகை வலது காலில் தண்டவாளத்தில் போவது போல் போனது. மூன்று கிழமையாக நான் திட்டித் தீர்த்த அதே பலகை. எந்தக் குறையும் சொல்லப்படாத மற்றப் பலகை இடது காலுக்கு வந்ததும் நடுங்கி, வழுக்கி, பிடியை விட்டது. நம்பாமல் இன்னொரு ஓட்டம். பிறகு புதுச் சோடியில் அப்படியே இரண்டு. நான்கு பலகை, இரண்டு கால். பிழை ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில்தான் நின்றது.

எனக்குத் தெரியும். எப்போதிருந்து தெரியும் என்று கேட்டால், கட்டி விழுந்த பனியில் முதல் நாளே தெரியும். அதற்கும் முதல், டிசம்பரில் வைத்தியர் ஒற்றைக் காலில் துள்ளிக் காட்டச் சொன்னபோது பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்த முகத்தோடு துள்ளினேனே, அப்போதே தெரியும். புதுப்பனி மெத்தை போல இருக்கும், இரண்டு காலும் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். அதில்தான் என் கால் பிடிபடாமல் தப்பியது. மற்றப் பனியெல்லாம் காட்டிக்கொடுத்துவிட்டது.

பெப்ரவரி 17, திங்கள்

கெட்டித்தனமாக யோசித்தேன். யாருக்கும் ஒன்றும் தெரியாது. நாலை ஏழாக்கலாம், இரண்டை ஆறாக்கலாம். புதுச் சோடியில் கோளாறு தீர்ந்துவிட்டது என்று எழுதலாம். ரேத்தோ பிழைப்பான், பலகை பிழைக்கும், நானும் பிழைப்பேன். எல்லோருக்கும் நல்லது. அப்படி ஒரு அறிக்கை எழுதியும் முடித்தேன். நல்ல ஜெர்மன்.

வாசித்துப் பார்த்தால் முதல் அறிக்கையை விடப் பெரிய பொய். ஏனென்றால் சுளகு இறுகிய பனியில் உண்மையில் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. வேகம் எடுத்துச் சாய்த்துப் பாரம் போட்டால்தான் தெரியும். நான் பாரம் போடவே இல்லை. நான்கு விதப் பனியில் ஒரு விதத்தைத்தான் நான் சோதித்திருக்கிறேன், மிச்சத்தில் என் காலைச் சோதித்துவிட்டுப் பலகைக்குப் புள்ளி போட்டிருக்கிறேன். ஏழு என்று நான் எழுதி, யாரோ ஒரு பிள்ளை அதை நம்பி வேகமாகப் போய் விழுந்தால்?

இரண்டாவது அறிக்கையைக் கிழித்தேன். கோபத்தில் கொஞ்சம் சின்னதாகவே கிழித்தேன், பொறுக்க நேரம் எடுத்தது.

பெப்ரவரி 20, வியாழன்

கூட்டம். ஃபிராவ் கெர்பர், ரேத்தோ, விற்பனைப் பகுதி ஆள் ஒருவர், நான். ஃபிராவ் கெர்பர் அறிக்கைத் தாளைக் கேட்டா. தரவில்லை. எழும்பி நின்று சொன்னேன், உட்கார்ந்து சொல்ல வரவில்லை. புதுப்பனியில் போட்ட ஒன்பதரை செல்லும், மிச்சம் எதுவும் செல்லாது, இடது பலகையில் ஒரு பிழையும் இல்லை, என் முழங்கால் ஆறவில்லை, வேறு ஒருவர் சோதிக்க வேண்டும். ஐந்து வசனம். வாசலில் நின்று பத்துத் தடவை பாடமாக்கியது.

ஃபிராவ் கெர்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா. மூன்று கிழமைக்கு முதல் சொல்லியிருந்தால் இது சுகயீனம், இன்றைக்குச் சொல்வதால் இது வேறு விஷயம் என்றா. பலகையின் முடிவு மாதக் கடைசிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. என் ஒப்பந்தம் ஏப்ரலோடு முடிகிறது. பிறகு என்ன என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதைக்கூடத் தாங்கலாம். வெளியே தாழ்வாரத்தில் ரேத்தோ நின்றான். நன்றி சொல்வான் என்று எங்கோ ஒரு மூலையில் நினைத்திருக்கிறேன் போல, வெட்கக்கேடு. அவன் சத்தம் போடவில்லை.

"மூன்று கிழமை நான் என் கையைச் சந்தேகப்பட்டேன்," என்றான். "வீட்டில் இந்தத் தொழிலை விடப்போகிறேன் என்று சொல்லிவிட்டேன். நீ என்னைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்."

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மன்னித்துக்கொள் என்றேன். பட்டறைக்குப் போய்விட்டான்.

பகீரதனின் பஸ்ஸில் ஏறவில்லை. நடந்து வந்தேன். நான்கு கிலோமீட்டர், முழுக்க இறக்கம்.

பெப்ரவரி 21, வெள்ளி

நடந்திருக்கக் கூடாது. கால் பூசணிக்காய். பகீரதனிடம் மன்னிப்புக் கேட்டேன், பஸ் ஓட்டுகிறவருக்கு என்ன தெரியும் என்று கேட்டதற்கு. "ஓட்டுறவனுக்கு கண்ணாடியில தெரியிறது தெரியும்," என்றார். பிறகு ஐஸ் பையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார்.

பெப்ரவரி 25, செவ்வாய்

மார்ட்டின் என்று ஒருவரை வலே மாநிலத்திலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். என்னைவிட முப்பது கிலோ கூட, இரண்டு நல்ல முழங்கால். அறிக்கையின் பிரதி எனக்கும் வந்தது, யார் அனுப்பியது என்று இல்லை. இறுகிய பாதையில் ஆறரை. முன்முனை வேகத்தில் படபடக்கிறது, ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாறச் சுணங்குகிறது, மற்றபடி இவ்வளவு அகலத்துக்கு நல்ல பிடி. கட்டிப் பனியில் ஏழு. ஓடு கட்டியதில் ஐந்து, ஆபத்து ஒன்றும் இல்லை.

உண்மையைச் சொன்னால், நான்கு வரும் என்று ஆசைப்பட்டேன். அவர் ஆறரை போட்டதில் எனக்கு எரிச்சல். முன்முனை படபடப்பதை நான் கவனிக்கவே இல்லையே என்று அதைவிட எரிச்சல். கவனித்திருக்க வேண்டியது அதைத்தான்.

பெப்ரவரி 27, வியாழன்

விடிய எழும்பி யன்னலைத் திறந்தால் பல்கனிக் கம்பி தெரியவில்லை. அரை மீட்டருக்கு மேல், காய்ந்த, இலேசான பனி. இந்தக் குளிர்காலத்தின் மிக நல்ல பனி.

ஏழு மணிக்குத் தொலைபேசி. ரேத்தோ. ஒரு கிழமைக்குப் பிறகு அவன் குரல். வணக்கம், சுகமா என்று ஒன்றும் இல்லை, நேரே அலுவல். புதுச் சோடியைப் புதுப்பனியில் இன்னும் ஒருவரும் சோதிக்கவில்லை, நாளைக்குக் கடைசி நாள், புதுப்பனிக்கு மட்டும் உன் புள்ளி செல்லும் என்று ஃபிராவ் கெர்பரும் ஒத்துக்கொள்கிறா, வருகிறாயா என்றான்.

சப்பாத்து வாசலில் இருந்தது. இந்தப் பனியில் என் காலின் பிழை யாருக்கும் தெரியாது, எனக்கே தெரியாது. மூன்று மணித்தியாலம் நான் பழைய ஆளாக இருக்கலாம். வருகிறேன் என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று எழுதினால் இந்தக் கொப்பி போதாது.

மார்ட்டினை அனுப்பு என்றேன்.

அவன், மார்ட்டினுக்கு இந்த மலைப் புதுப்பனி பழக்கமில்லை, என்ன பார்க்கச் சொல்ல என்று கேட்டான். சொன்னேன். மரங்களுக்கு நடுவே வேகத்தைக் குறைத்து முன்முனை தாழ்கிறதா என்று பார்க்கட்டும், அவர் பாரம் கூட என்பதால் என்னைவிட முதலே தாழும். துள்ளி இறங்கும்போது பின்முனை விட்டுக்கொடுக்கிறதா என்று பார்க்கட்டும். முன்முனை படபடப்பது புதுப்பனியில் தெரியாது, ஆனால் பாதைக்குத் திரும்பி வரும் அந்த இருநூறு மீட்டரில் தெரியும், அங்கே நின்று எழுதட்டும். பதினைந்து நிமிடம் கதைத்தேன். கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது, ஆனால் ஒன்றையும் விடாமல் சொன்னேன். அவன் ஒவ்வொன்றையும் எழுதுவது கேட்டது. அவன் எப்போதும் பென்சிலைத் தாளில் அழுத்தி எழுதுவான்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது, முழங்கால் எப்படி என்று கேட்டான்.

நோகிறது என்றேன். ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லை என் காலைப் பற்றி நான் சொன்னது அதுதான் முதல் தடவை. படி இறங்கினால் நோகிறது, பாரம் போட்டால் நோகிறது, இப்போது சும்மா இருக்கும்போதும் நோகிறது என்றேன்.

அந்தப் பக்கம் பென்சில் சத்தம் கேட்டது. அதையும் எழுதிக்கொண்டிருந்தான்.